பூமி யாருடையது? கானா நாட்டின் அத்தேவா காப்புக்காடும் திருச்சபையின் பொறுப்பும்

1. முன்னுரை

படைப்பைப் பற்றிய போதனை நமது ஞாயிறு வழிபாடுகளில் பெரும்பாலும் அறுவடைப் பண்டிகையோடு நின்றுவிடுகிறது. கடவுள் மழையையும் விளைச்சலையும் கொடுத்தார் என்று நன்றி கூறுகிறோம். மழை எங்கே பிறக்கிறது, ஆற்றுக்கு நீரைத் தேக்கிக் கொடுப்பது எது, அதைக் காப்பவர் யார் என்ற கேள்விகளை இறையியலின் எல்லைக்கு வெளியே உள்ளவை என்று விட்டுவிடுகிறோம். மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் ஒரு மலைக்காட்டைக் குறித்து எழுந்த வழக்கு, இக்கேள்விகள் நற்செய்தியின் உள்ளடக்கத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளவை என்பதைக் காட்டுகிறது. அத்தேவா என்பது அக்காட்டின் பெயர்.

இக்காட்டைத் தெரிந்துகொண்டதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, உலகில் மிகவும் சிதைந்துபோன வெப்பமண்டலக் காடுகளுள் ஒன்றான மேல் கினிக் காட்டின் அரிய எச்சம் அது. இரண்டாவது, அக்காட்டின் வரலாற்றில் மிஷனெரிப் பணியும், பழைய சமயத்தின் விலக்குகளும், குடியேற்ற அரசின் சட்டமும், இன்றைய கிறிஸ்தவர்களின் சாட்சியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முதலில் காட்டின் இயல்பையும், பின்னர் அதன் வரலாற்றையும் இன்றைய ஆபத்தையும் விளக்கி, இறுதியில் அது எழுப்பும் இறையியல் சிக்கலை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. இடமும் இயல்பும்

கானாவின் தலைநகராகிய அக்ராவுக்கு வடக்கே, அந்நாட்டின் கிழக்கு மாநிலத்தில், அக்கியெம் அபுவாக்வா என்னும் பழைய அரசின் எல்லைக்குள் அத்தேவா மலைத்தொடர் அமைந்துள்ளது. அவ்வரசின் தலைநகராகிய கியெபி மலையடிவாரத்தில் உள்ளது. காப்புக்காட்டின் பரப்பு ஏறத்தாழ 23,000 ஹெக்டேர். மலையின் மேற்பகுதி கூரிய சிகரமாக இல்லாமல், கடல்மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரம் வரை எழும் தட்டையான மேட்டுநிலமாக உள்ளது. மிகப் பழைய காலத்து நிலப்பரப்பின் எஞ்சிய துண்டு அது என்று நிலவியலார் கூறுவர். கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையில் கரைந்து, மற்ற உப்புகளெல்லாம் கழுவப்பட்டு, அலுமினியமும் இரும்பும் மிகுந்த செம்மண்ணே அங்கு மேலடுக்காக நிற்கிறது. பாக்சைட் என்று வணிகர் அழைப்பது இதைத்தான்.

இந்த மேட்டுநிலம் அடிக்கடி மூடுபனியால் போர்த்தப்படுகிறது. கீழேயுள்ள சமவெளியைவிடக் குளிர்ச்சியும் ஈரமும் மிகுதி. அதனால் இங்கு மேட்டுநிலப் பசுமைமாறாக் காடு என்னும் தனிவகைக் காடு வளர்ந்துள்ளது. மரப்பெரணிகளும், மரக்கிளைகளில் ஒட்டி வாழும் செடிகளும், மலையுச்சியிலேயே சதுப்பு நிலங்களும் இக்காட்டின் அடையாளங்கள். கானாவில் இவ்வகைக் காடு குறிப்பிடத்தக்க அளவில் எஞ்சியிருப்பது அத்தேவா, தானோ ஓஃபின் ஆகிய இரண்டு காப்புக்காடுகளில் மட்டுமே. இவ்விரண்டு மலைகளின் தலையிலும் பாக்சைட் படிந்திருக்கிறது. அரிய காட்டைத் தாங்கும் நிலமே தொழிற்சாலை விரும்பும் நிலமாகவும் இருப்பதுதான் அத்தேவாவின் துயரத்திற்கு அடிப்படை.

மண்ணும் இலைச்சருகும் வேர்களும் சேர்ந்து பெருமழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, வறண்ட மாதங்களில் சிறுசிறு ஊற்றுகளாக வெளியே விடுகின்றன. இவ்வாறு டென்சு, பிரிம், அயென்சு என்னும் மூன்று ஆறுகள் இம்மலையில் பிறக்கின்றன. டென்சு ஆறு தெற்கே ஓடி வெய்ஜா நீர்த்தேக்கத்தை நிரப்புகிறது. அக்ராவின் மேற்குப் பகுதி மக்கள் குடிப்பது அந்த நீரையே. பிரிம் ஆறு பிரா என்னும் பேராற்றில் கலக்கிறது. மூன்று ஆறுகளையும் சேர்த்து, ஏறத்தாழ 50 இலட்சம் மக்கள் இம்மலையின் நீரைச் சார்ந்துள்ளனர் என்று மதிப்பிடப்படுகிறது. அத்தேவாவைப் பார்த்தேயிராத நகரவாசி ஒருவர் காலையில் குழாயைத் திறக்கும்போதெல்லாம் அம்மலைக்குக் கடன்படுகிறார்.

3. உயிர்வளம்

மேற்கே கினி நாட்டிலிருந்து கிழக்கே தோகோ வரை ஒருகாலத்தில் தொடர்ந்து பரவியிருந்த மழைக்காட்டை மேல் கினிக் காடு என்பர். தோகோ, பெனின் நாடுகளின் வறண்ட இடைவெளி ஒன்று இதை நடு ஆப்பிரிக்காவின் பெருங்காட்டிலிருந்து பிரிக்கிறது. இப்பிரிவினால் இங்கு தனித்து உருவான உயிரினங்கள் பல. காடு துண்டு துண்டாக வெட்டப்பட்டபோது அவை ஓடி ஒளிய வேறு இடமில்லாமற் போயிற்று. வால்டிரன் சீமாட்டியின் பெயரால் அழைக்கப்படும் சிவப்புக் கொலோபஸ் குரங்கு இதற்குச் சான்று. கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் வாழ்ந்த இக்குரங்கை 1978-க்குப் பின் அறிவியலார் எவரும் உயிருடன் கண்டதில்லை. இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டும் காடு இழந்தும் அது மறைந்துபோயிருக்கலாம் என்று 2000-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

அத்தேவாவில் இன்னும் வாழ்வன எவை? 2006-ஆம் ஆண்டில் கன்சர்வேஷன் இண்டர்நேஷனல் நிறுவனத்தார் ஒரு விரைவு ஆய்வை அங்கு நடத்தினர். அறிவியல் உலகம் அதுவரை அறியாத சிற்றுயிர்கள் சில அப்போது வெளிப்பட்டன. வண்ணத்துப்பூச்சிகளில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட வகைகள் இம்மலைக்குரியவையாக அறியப்பட்டுள்ளன. மைலோத்ரிஸ் அத்தேவா என்பது அவற்றுள் ஒன்று. மலையின் பெயரையே அது தாங்கியிருக்கிறது. அதன் இனத்தைச் சேர்ந்த பூச்சிகளின் புழுக்கள் மரவுச்சியில் வளரும் புல்லுருவிச் செடிகளைத் தின்று வளர்வன. மரம் சாய்ந்தால் புல்லுருவி இல்லை. புல்லுருவி இல்லையேல் பூச்சியும் இல்லை. பறவை வகைகள் 200-க்கு மேற்பட்டவை. அழியும் நிலையிலுள்ள வெண்பிடரி மங்கபே என்னும் குரங்கு இங்கு வாழ்வதை 2017-இல் காட்டில் வைக்கப்பட்ட தானியங்கி நிழற்படக் கருவிகள் உறுதிசெய்தன.

2021-ஆம் ஆண்டில் மற்றொரு செய்தி வந்தது. மலையின் தெளிந்த ஓடைகளில் வாழும் வழுக்குத் தவளை ஒன்றை, தோகோ நாட்டு எல்லைப்புறத்தில் வாழும் வேறொரு தவளையின் இனம் என்றே ஆய்வாளர்கள் முன்பு எண்ணியிருந்தனர். நுணுகி ஆராய்ந்தபோது அது தனியினம் என்பது தெளிவாயிற்று. மலையடிவாரத்துச் சாஜிமாசே என்னும் சிற்றூரின் பெயரை அதற்குச் சூட்டினர். பெயர் பெற்ற நாளிலேயே அது மிகக் கடுமையான அழிவாபத்திலுள்ள இனமாகவும் எண்ணப்பட்டது. ஆதாம் உயிர்களுக்குப் பெயரிட்டதை ஆதியாகமம் 2:19,20-இல் வாசிக்கிறோம். மனிதன் இன்னும் பெயரிட்டு முடிக்கவில்லை. அதற்குள் பெயரிடப்பட வேண்டியவை மறைந்துகொண்டிருக்கின்றன.

4. காப்புக்காட்டின் வரலாறு

கோல்ட் கோஸ்ட் என்று அழைக்கப்பட்ட அந்நாட்டில் ஆங்கில அரசு 1911-இல் ஒரு வனச்சட்ட முன்வரைவைக் கொணர்ந்தது. நாட்டின் கற்றோரும் தலைவர்களும் அதைக் கடுமையாக எதிர்த்தனர். காட்டை அவர்கள் வெறுத்ததால் அன்று. காட்டைக் காப்பது என்ற பெயரில் தங்கள் நிலம் பறிபோகும் என்று அஞ்சியதால் எதிர்த்தனர். அக்கான் மக்களின் எண்ணத்தில் நிலம் முன்னோருக்கும், வாழ்வோருக்கும், இனிப் பிறப்போருக்கும் உரியது. அரசனின் அரியணை அதை அவர்கள் சார்பில் ஒப்படைப்பாக வைத்திருக்கிறது. பின்னர் 1920-களில் காப்புக்காடுகள் ஏற்படுத்தப்பட்டன. அத்தேவா 1926-இல் காப்புக்காடாயிற்று. 1999-இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த உயிர்வளப் பகுதியாகவும் குறிக்கப்பட்டது. எனினும் காப்புக்காடு என்பது தேசியப் பூங்கா அன்று. மரம் வெட்டவும் கனிமம் தேடவும் அரசு அனுமதி அளிக்கக்கூடிய நிலையிலேயே அது இருந்து வந்துள்ளது.

இவ்வரலாற்றின் மற்றொரு பக்கம் நமக்கு நெருங்கியது. 1834-இல் மங்களூரிலும், 1846-இல் நீலகிரியிலும் பணி தொடங்கிய அதே பாசல் மிஷன்தான், 1828-இல் கோல்ட் கோஸ்ட் கரையில் இறங்கியது. முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் காய்ச்சலில் மடிந்தனர். 1835-இல் அந்திரேயாஸ் ரீஸ் உள்நாட்டிலுள்ள அக்ரோபொங் மலைக்குச் சென்றார். 1848-இல் அங்கு இறையியற் கல்விச்சாலை எழுந்தது. 1861-இல் அத்தேவாவின் அடியிலுள்ள கியெபியில் மிஷன் தலம் அமைந்தது. கிறிஸ்டாலர் 1871-இல் ட்வி மொழியில் முழுத் திருமறையையும், 1879-இல் 3,600 பழமொழிகள் கொண்ட தொகுப்பையும் வெளியிட்டார்.

சமயத்தோடு பயிரும் வந்தது. பாசல் மிஷனெரிகள் அக்ரோபொங்கில் கொக்கோவைப் பயிரிட முயன்றனர். அவர்களிடம் கொல்லுத் தொழில் பயின்ற தேத்தே குவார்ஷி 1879-இல் ஃபெர்னாண்டோ போ தீவிலிருந்து கொக்கோ விதைகளைக் கொண்டுவந்து மம்பொங்கில் நட்டார். அக்குவாப்பிம் மலைவாழ் விவசாயிகள் அப்பயிரோடு மேற்கு நோக்கிப் பெயர்ந்து, அக்கியெம் அபுவாக்வாவில் காட்டுநிலங்களை விலைக்கு வாங்கித் திருத்தினர். 1911-இல் அந்நாடு உலகிலேயே மிகுதியாகக் கொக்கோ விளைவிக்கும் நாடாயிற்று. பள்ளிக்கூடங்களும் ஆலயங்களும் அந்த வருவாயில் எழுந்தன. அத்தேவாவைச் சுற்றியிருந்த தாழ்நிலக் காடு அதற்கு விலையாயிற்று. இதை வஞ்சகம் என்று சொல்ல முடியாது. ஏழைக் குடும்பங்கள் தங்கள் உழைப்பால் உயர்ந்த வரலாறு அது. ஆயினும் காப்புக்காடு ஏன் இன்று விளைநிலங்களுக்கு நடுவே ஒரு தீவுபோல் நிற்கிறது என்பதை இது விளக்குகிறது.

5. இன்றைய ஆபத்துகள்

(அ) மரக்கடத்தலும் வேட்டையும். இயந்திர வாளைக் கொண்டு காட்டுக்குள்ளேயே மரத்தைப் பலகையாக அறுத்துச் சுமந்து செல்வது வழக்கமாகிவிட்டது. காட்டு இறைச்சிக்கு நகரச் சந்தையில் நல்ல விலை உண்டு. சில காவலர் இத்தனை பெரிய எல்லையைக் காப்பது அரிது.

(ஆ) பொன் தோண்டுதல். உரிமமின்றிச் சிறு அளவில் பொன் எடுப்பதைக் கானாவில் கலாம்சே என்பர். முன்பு மண்வெட்டியும் தட்டும் கொண்டு செய்த தொழில் அது. இன்று அகழ் இயந்திரங்கள் ஆற்றுப்படுகையையே புரட்டிப் போடுகின்றன. பொன்னைப் பிரிக்கப் பாதரசம் பயன்படுகிறது. அது நீரில் சேர்ந்து மீனின் உடலிலும், மீனை உண்பவர் உடலிலும் தங்குகிறது. பிரிம் ஆறு பல இடங்களில் சேற்றுக் குழம்பாக ஓடுகிறது. 2017-இல் அரசு சிறு அகழ்வுகளை நிறுத்திவைத்துப் படையினரையும் அனுப்பியது, தொழில் ஒழியவில்லை. 2022-இல் இயற்றப்பட்ட ஒரு விதி காப்புக்காடுகளுக்குள் கனிம அகழ்வுக்கு வழிதிறந்தபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. திருச்சபைகளும் அதில் சேர்ந்து குரல் கொடுத்தன. 2025-இல் அவ்விதியை நீக்குவதற்கான ஆவணம் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது.

(இ) பாக்சைட். 2018-இல் கானா அரசு சீன நாட்டு நிறுவனமாகிய சினோஹைட்ரோவுடன் 200 கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் செய்தது. சாலைகளும் மருத்துவமனைகளும் கட்டப்படும். அவற்றின் விலையைப் பதப்படுத்திய பாக்சைட்டின் வருவாயிலிருந்து நாடு செலுத்தும் என்பது ஏற்பாடு. அதே ஆண்டில் அலுமினியத் தொழிலுக்கென ஓர் அரசுக் கழகம் நிறுவப்பட்டது. 2019-இல் அத்தேவா மலையில் துளையிட்டுக் கனிமத்தை ஆராயும் பணி நடந்தது.

பாக்சைட் எடுக்கும் முறையை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். அது நிலத்தின் ஆழத்தில் சுரங்கமிட்டு எடுக்கும் கனிமம் அன்று. மேலடுக்கில் விரிப்புப்போல் பரந்து கிடப்பது. ஆகவே காட்டை முழுவதும் அகற்றி, மண்ணைச் சீவியே அதை எடுக்க வேண்டும். மரம் வெட்டிய இடத்தில் காலப்போக்கில் மரம் வளரலாம். மழைநீரைத் தேக்கும் மண்ணே போன பிறகு ஊற்றுகள் முன்போல் திரும்பிவரும் என்று யாரும் பொறுப்புடன் வாக்களிக்க முடியாது.

6. புனிதக் காடும் நற்செய்தியும்

இங்கே நமக்குரிய சிக்கல் தொடங்குகிறது. அக்கான் மக்கள் பூமியை அசாசே யா என்று அழைத்தனர். வியாழக்கிழமை அவளுக்குரியது, அன்று மண்வெட்டியால் நிலத்தைத் தொடலாகாது. சில காடுகள் தெய்வங்களின் இருப்பிடம். சில ஓடைகளில் மீன் பிடிப்பது விலக்கு. காட்டின் ஆழத்தில் சசாபொன்சம் என்னும் அச்சுறுத்தும் ஆவி உறைகிறது. இவ்விலக்குகள் வனப்பாதுகாப்புச் சட்டமாக எழுதப்பட்டவை அல்ல. ஆயினும் அச்சட்டத்தின் வேலையை அவை செய்தன.

மிஷனெரிகள் இவ்வச்சத்திலிருந்து மக்களை விடுவித்தனர். சலேம் என்னும் தனிக் குடியிருப்புகளில் கிறிஸ்தவர்களைக் குடியமர்த்தினர். வியாழனுக்குப் பதில் ஞாயிறு ஓய்வுநாளாயிற்று. ஆனால் ஞாயிறு மனிதனின் ஓய்வு நாளாகப் போதிக்கப்பட்ட அளவுக்கு நிலத்தின் ஓய்வு நாளாகப் போதிக்கப்படவில்லை.

இதன் விளைவு எவ்வளவு கூர்மையாக இருக்கக்கூடும் என்பதை நடுக் கானாவிலுள்ள போவாபெங், ஃபியெமா என்னும் இரட்டைச் சிற்றூர்களின் நிகழ்ச்சி காட்டும். அங்குள்ள சிறுகாட்டில் மோனா குரங்குகளும் கருப்பு வெள்ளைக் கொலோபஸ் குரங்குகளும் தெய்வத்தின் பிள்ளைகளாகக் கருதப்பட்டன. இறந்த குரங்கை மனிதரைப்போல் அடக்கம் செய்தனர். 1970-களில் ஒரு கிறிஸ்தவச் சபைப் பிரிவினர், குரங்கு தெய்வமன்று என்று காட்டும்பொருட்டு அவற்றைக் கொல்லத் தொடங்கினர். ஊர்ப்பெரியோர் அரசின் உதவியை நாடினர். 1975-இல் ஒரு துணைச்சட்டத்தால் வேட்டை தடுக்கப்பட்டது. இன்று அவ்விடம் நாடறிந்த சரணாலயம். அங்குக் குரங்குகளைக் காத்தது பழைய சமயம்; அவற்றைக் கொன்றது கிறிஸ்துவின் பெயர். இந்த வாக்கியத்தை எந்தப் போதகரும் எளிதாகக் கடந்து செல்ல இயலாது.

1967-இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் ஒயிட் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இதையே பொதுக் குற்றச்சாட்டாக வைத்தது. மரத்திலும் ஓடையிலும் ஆவிகள் உண்டு என்ற நம்பிக்கையைக் கிறிஸ்தவம் அழித்தது. அதனால் இயற்கையைத் தயக்கமின்றிச் சுரண்ட வழி பிறந்தது என்பது அவர் வாதம். இக்குற்றச்சாட்டுக்கு இரண்டு எளிய விடைகள் கொடுக்கப்படுகின்றன. ஒன்று, முழுவதும் மறுத்துவிடுவது. அதற்கு வரலாறு இடம் தராது. மற்றொன்று, காட்டை மீண்டும் தெய்வமாக்குவது. அதற்கு முதலாம் கட்டளை இடம் தராது. அச்சத்தில் வாழ்ந்த மக்கள் கிறிஸ்துவில் பெற்ற விடுதலை உண்மையான விடுதலை. அதைத் திரும்பப் பறிப்பது நற்செய்தியன்று. மூன்றாம் வழி உண்டா?

7. திருமறையின் ஒளியில்

கொரிந்துச் சபையில் பவுல் சந்தித்த சிக்கல் இதற்கு மிக அருகில் உள்ளது. விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்ட இறைச்சியைக் கிறிஸ்தவன் உண்ணலாமா? கடையில் விற்பதை வினவாமல் உண்ணலாம் என்கிறார் பவுல். அதற்கு அவர் காட்டும் ஆதாரம் எது? 1 கொரிந்தியர் 10:26-இல், பூமி ஆண்டவருடையது என்னும் 24-ஆம் சங்கீதத்தின் அறிக்கையை அவர் எடுத்தாளுகிறார். விக்கிரகம் ஒன்றுமில்லை என்பதன் மறுபக்கம், யாவும் ஆண்டவருடையவை என்பது. கிறிஸ்தவனுக்கு உரிமை தரும் அதே வாக்கியம், அவன் உரிமையாளன் அல்லன் என்றும் அறிவிக்கிறது. ஆண்டவருடையதாதலால் அஞ்சாமல் பயன்படுத்தலாம். ஆண்டவருடையதாதலாலேயே விரும்பியபடி அழிக்கலாகாது. மேலும் அதே அதிகாரத்தின் 23, 24-ஆம் வசனங்களில், உரிமையுள்ள யாவும் பக்திவிருத்தி உண்டாக்காது. ஒவ்வொருவனும் அயலானின் நலத்தைத் தேட வேண்டும் என்று கற்பிக்கிறார்.

குரங்கைக் கொன்றவர்கள் இவ்வாக்கியத்தின் முதற்பாதியை மட்டும் கற்றிருந்தனர். குரங்கு தெய்வமன்று என்பது சரி. அப்படியானால் அது யாருடையது என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்கும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்படவும் இல்லை. மத்தேயு 12:43-45-இல் நம் ஆண்டவர் கூறிய வீட்டின் உவமையை இங்கு நினைவுகூரலாம். அசுத்த ஆவி வெளியேறிய வீடு பெருக்கப்பட்டு அலங்கரிக்கப்பட்டிருந்தும் வெறுமையாய் இருந்தபடியால், அதனிலும் கொடிய ஏழு ஆவிகள் குடிபுகுந்தன. காட்டிலிருந்து தெய்வங்கள் வெளியேற்றப்பட்டன. அங்கு படைத்தவரின் உரிமை அறிவிக்கப்படவில்லை. வெறுமையாய் விடப்பட்ட காட்டில் பொருளாசை குடியேறியது. அதுவும் விக்கிரக ஆராதனையே என்று கொலோசெயர் 3:5 கூறுகிறது. தெய்வங்கள் நீங்கிய காடு தெய்வமற்றதாக நிற்கவில்லை. வேறொரு தெய்வத்தின் கைக்குப் போயிற்று.

இனி, ஆளுகை பற்றிய சொற்களைக் கவனிப்போம். ஆதியாகமம் 1:28-இல் வரும் ‘ராதா’ என்னும் எபிரெயச் சொல் அரசனின் ஆட்சியைக் குறிப்பது. எசேக்கியேல் 34:4-இல் மந்தையைக் கொடுமையாய் ஆண்ட மேய்ப்பர்களைக் கடிந்துகொள்ளும்போதும் இச்சொல்லே வருகிறது. அங்கு ஆளுகை கண்டிக்கப்படவில்லை. கொடுமையும் வன்மையும் கண்டிக்கப்படுகின்றன. மந்தையைத் தின்று கொழுப்பவன் மேய்ப்பன் அல்லன். ஆதியாகமம் 2:15-இல் மனிதனுக்குத் தோட்டத்தில் கொடுக்கப்பட்ட பணியைக் குறிக்கும் ‘அபத்’, ‘ஷமர்’ என்னும் இரு சொற்களும், எண்ணாகமம் 3:7,8-இல் லேவியர் ஆசரிப்புக் கூடாரத்தில் செய்யும் ஊழியத்தையும் காவலையும் குறிக்க வருகின்றன. நிலத்தில் உழைப்பதும் அதைப் பேணுவதும் ஆலயப் பணிக்குரிய சொற்களால் விவரிக்கப்பட்டிருப்பது நம் சிந்தனைக்குரியது.

பயனில்லாத உயிர்களைப் பற்றியும் திருமறை பேசுகிறது. அத்தேவாவின் வழுக்குத் தவளையால் மனிதனுக்கு என்ன பயன் என்று ஒருவர் கேட்கலாம். யோபு 38:26,27-இல் மனிதர் குடியில்லாத பாழ்நிலத்தின்மேல் கடவுள் மழை பெய்யச் செய்கிறார். அங்கு முளைக்கும் புல்லை அறுக்க ஒருவனும் இல்லை. 104-ஆம் சங்கீதத்தில் கேதுரு மரம் பறவைக்கு வீடாகவும், உயர்ந்த மலை காட்டாட்டுக்கு இருப்பிடமாகவும் சொல்லப்படுகிறது. மனிதனின் உழைப்பு பகலுக்கும், சிங்கத்தின் வேட்டை இரவுக்கும் உரியவையாகப் பங்கிடப்படுகின்றன. மனிதனுக்கு அங்கு இடமுண்டு. முழு இடமும் அவனுடையதன்று. உபாகமம் 22:6,7 பறவைக் கூட்டில் குஞ்சுகளை எடுக்க அனுமதித்து, தாயை விட்டுவிடக் கட்டளையிடுகிறது. பயன்பாட்டுக்கும் மூலத்தை அழிப்பதற்கும் இடையே எல்லைக்கோடு இடுகிற கட்டளை இது. ஆற்றின் நீரைக் குடிப்பது குஞ்சை எடுப்பது போன்றது. ஆற்றைப் பிறப்பிக்கும் மலையைச் சீவுவது தாயையும் எடுத்துக்கொள்வதாகும்.

8. ஏழைகளின் வாதம்

இவ்வாறு பேசும்போது ஓர் எதிர்க்கேள்வி நியாயமாக எழும். கானா கடன்சுமையுள்ள நாடு. மேற்கு நாடுகள் தங்கள் காடுகளை வெட்டியே செல்வம் சேர்த்தன. இன்று கானாவுக்கு மட்டும் காட்டைக் காக்கும்படி உபதேசிப்பது நீதியா? கலாம்சேயில் இறங்கும் இளைஞனுக்கு வேறு வேலை உண்டா?

இக்கேள்வியை அலட்சியம் செய்யும் வனப்பாதுகாப்பு, 1911-இல் மக்கள் அஞ்சிய அதே அந்நியச் சட்டமாகவே அவர்களுக்குத் தோன்றும். காட்டைக் காப்பதன் சுமையைக் காட்டோரத்து ஏழைமேல் மட்டும் வைப்பது அநீதி. ஆயினும் மலையைச் சீவினால் பயன் யாருக்கு, இழப்பு யாருக்கு என்றும் நாம் கேட்க வேண்டும். கனிமம் சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும். கலங்கிய நீரைக் குடிப்பவர் புட்டிநீர் வாங்க இயலாதவர். ஆற்றோரம் காய்கறி பயிரிடும் பெண்ணின் நிலம் எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படுவதில்லை. 1 இராஜாக்கள் 21-இல் ஆகாப் நாபோத்துக்கு நல்ல விலையே கூறினான். நாபோத் மறுத்தது விலை போதாது என்பதற்காக அன்று; முன்னோரின் சுதந்தரம் விற்பனைக்குரியதன்று என்பதற்காகவே. அக்கான் மக்களின் நிலக்கொள்கையும் நாபோத்தின் விடையும் ஒரே திசையில் பேசுகின்றன. நம் திருமறையின் உரிமைப் போதனையை ஏற்கத்தக்க நிலம் அப்பண்பாட்டில் முன்பே இருந்தது. அதை மிஷனெரிகள் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

9. திருச்சபையின் சாட்சி

இன்று அத்தேவாவுக்காகப் பரிந்து பேசுவோரில் முன்னிற்பது ஒரு கிறிஸ்தவ அமைப்பே என்பது ஆறுதல் தரும் செய்தி. ஆங்கிலிக்கன் குருவாகிய பீட்டர் ஹாரிஸும் அவர் துணைவியார் மிராண்டாவும் 1983-இல் போர்ச்சுக்கல் நாட்டில் தொடங்கிய ‘அ ரோஷா’ இயக்கம் 1999-இல் கானாவில் வேரூன்றியது. போர்ச்சுகீசிய மொழியில் அப்பெயருக்குக் கன்மலை என்று பொருள். 2018 மார்ச் மாதத்தில் இவ்வமைப்பினரும் ஊர்மக்களும் கியெபியிலிருந்து அக்ராவிலுள்ள குடியரசுத் தலைவர் மாளிகை வரை, சுமார் 95 கிலோமீட்டர் தூரம் நடந்து சென்று விண்ணப்பம் அளித்தனர். 2020-இல் வேறு குழுக்களோடும் குடிமக்களோடும் சேர்ந்து அரசுக்கு எதிராக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 2021-இல் மார்சேல் நகரில் கூடிய உலக இயற்கைப் பாதுகாப்பு மாநாடு அத்தேவாவைக் காக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. பாக்சைட் சுரங்கம் வேண்டாம், மலையைத் தேசியப் பூங்காவாக்கி, விளிம்பில் மக்களின் வாழ்வுக்கு ஏற்ற பயிர்த்தொழிலை வளர்க்க வேண்டும் என்பதே இவர்கள் வேண்டுகோள்.

ஆயர்களும் இறையியல் மாணவரும் இதிலிருந்து கற்றுக்கொள்ளத்தக்கவை மூன்று.

முதலாவது, விக்கிரகத்தை மறுக்கும் போதனை ஒருபோதும் தனித்து நிற்கலாகாது. இது தெய்வமன்று என்று சொல்லும் அதே மூச்சில், இது ஆண்டவருடையது என்றும் சொல்ல வேண்டும். ஞானஸ்நான ஆயத்த வகுப்பிலேயே இது இடம்பெற வேண்டும்.

இரண்டாவது, ஓய்வுநாள் போதனையை நிலத்திற்கும் விரிக்க வேண்டும். லேவியராகமம் 25-இல் ஓய்வு கொண்டாடுவது நிலம். வியாழக்கிழமையின் விலக்கை நீக்கிய சபை, அதற்கீடாக நிலத்தின் ஓய்வைப் போதித்திருந்தால், பழைய ஞானம் அச்சமின்றித் தொடர்ந்திருக்கும்.

மூன்றாவது, ஆபத்து வரும் நாளில் ஜெபத்தோடு அறிவும் வேண்டும். அ ரோஷா அமைப்பினர் பாடல் பாடி நடந்ததோடு நிற்கவில்லை. ஆய்வாளரை அழைத்து உயிர்களைக் கணக்கிட்டனர், சட்டத்தைப் படித்தனர், ஊர்மக்களோடு அமர்ந்து பேசினர். தன் பகுதியின் ஆறு எங்கே பிறக்கிறது என்று அறியாத போதகர், அதற்காக எவ்வாறு மன்றாடுவார்?

10. முடிவுரை

ரோமர் 8:19-22-இல் படைப்பு முழுவதும் தவித்து, கடவுளுடைய புத்திரர் வெளிப்படுவதற்குக் காத்திருப்பதாகப் பவுல் எழுதுகிறார். படைப்பு காத்திருப்பது மனிதர் இல்லாத உலகத்துக்காக அன்று. மனிதர் தங்கள் தகப்பனின் பிள்ளைகளைப்போல் நடந்துகொள்ளும் நாளுக்காகவே. அத்தேவாவின் முடிவு இன்னும் எழுதப்படவில்லை. கனிமம் மலைக்குள் இருக்கிறது, ஊற்றுகளும் ஓடுகின்றன, தவளை அதன் ஓடையில் இன்னும் வாழ்கிறது. பூமி ஆண்டவருடையது என்ற அறிக்கையை நாம் வழிபாட்டில் எளிதாகச் சொல்கிறோம். ஒரு மலையின்மேல் விலை கூறப்படும்போதும் அதையே சொல்லத் திருச்சபைக்குத் துணிவு உண்டா என்பதுதான் கேள்வி. கானாவில் சிலர் அதற்கு நடந்தே விடை கூறினர். அவர்களுக்காக மன்றாடுவதும், நம் பிரசங்க பீடங்களில் அவ்விடையின் இறையியலைத் தெளிவாகக் கற்பிப்பதும் நம்முடைய பங்கு.